வெறுங்கால் ஓட்டமும் மெல்லிய அடியுள்ள காலணிகளும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வெறுங்காலில் ஓடுவது குறித்தும், மினிமலிஸ்ட் ஷூ என்று விற்கப்படும் மெல்லிய அடியுள்ள காலணிகளில் ஓடுவது குறித்தும் புதிதாக ஓடத் தொடங்கியவர்களும் பல ஆண்டுகள் ஓடியவர்களும் கேட்கும் கேள்விகள் இங்கே தொகுக்கப்பட்டுள்ளன. எல்லாப் பதில்களுக்கும் அடிப்படை ஒன்றுதான். தடித்த காலணியைக் கழற்றுவதால் உடலின் மீதான சுமை மறைந்துவிடுவதில்லை. அது முழங்காலிலிருந்து கெண்டைக்காலுக்கும் பாதத்துக்கும் இடம் மாறுகிறது. அந்தப் புதிய சுமையைத் தாங்கப் பாதத்துக்குப் பல மாத அவகாசம் கொடுத்தவர்கள் பயன் பெறுகிறார்கள், கொடுக்காதவர்கள் காயப்படுகிறார்கள்.

மினிமலிஸ்ட் காலணி என்று எதைச் சொல்கிறார்கள்?

பாதத்தின் இயல்பான அசைவுக்கு மிகக் குறைவாகக் குறுக்கே நிற்கும் காலணியே அது. 2015-இல் 11 நாடுகளைச் சேர்ந்த 42 வல்லுநர்கள் கலந்தாய்ந்து இதற்கு ஓர் அளவுகோலை உருவாக்கினார்கள். எடை, வளையும் தன்மை, அடியின் தடிமன், குதிகாலுக்கும் முன்பாதத்துக்கும் இடையிலுள்ள உயர வேறுபாடு, பாதத்தைக் கட்டுப்படுத்தும் கூடுதல் அமைப்புகள் ஆகிய ஐந்தையும் பார்த்து, ஒரு காலணிக்கு 0 முதல் 100 சதவீதம் வரை மதிப்பெண் தரலாம் என்பது அவர்களுடைய முறை. ஐந்தாவதாகச் சொன்னவை, பாதம் உட்புறம் சாயாமல் தடுக்கக் கடினமான நுரையையோ பிளாஸ்டிக்கையோ வைத்து உருவாக்கப்படுபவை. ஆக, மினிமலிஸ்ட் என்பதை ஆம், இல்லை என்று பிரித்துவிட முடியாது. வழக்கமான ஓட்டக் காலணியில் குதிகால் பகுதி முன்பாதத்தைவிட 8 முதல் 12 மில்லிமீட்டர் உயர்ந்திருக்கும். இந்த வேறுபாட்டைக் கடைக்காரர்கள் டிராப் என்கிறார்கள். டிராப் பூஜ்யமாக இருந்தாலும் தடித்த நுரை உள்ள காலணிகள் உண்டு. அவை நல்ல காலணிகளாக இருக்கலாம், ஆனால் வெறுங்கால் ஓட்டத்துக்கு நெருக்கமானவை அல்ல.

காலணி இல்லாமல் ஓடும்போது உண்மையில் என்ன மாறுகிறது?

குதிகாலை முன்னால் நீட்டி ஊன்றி ஓடினால், கால் தரையைத் தொட்ட அடுத்த சில பத்து மில்லி விநாடிகளுக்குள் உடல் எடையைப் போல ஒன்றரை முதல் மூன்று மடங்கு வரையிலான ஓர் அதிர்வு காலின் வழியே மேலேறுகிறது. காலணியின் நுரை இந்த அதிர்வைச் சற்று மெதுவாக்கித் தருவதால் நாம் அதைப் பெரிதாக உணர்வதில்லை. வெறுங்காலில் கடினமான தரையில் அப்படி ஊன்றினால் உடனே வலிக்கும். எனவே, வெறுங்காலில் ஓடிப் பழகிய பலர் முன்பாதத்தின் வெளிப்புறத்தை முதலில் தொடவிட்டு, அதன் பிறகு குதிகாலை இறக்குகிறார்கள்.

ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் டேனியல் லீபர்மேனும் அவருடைய குழுவினரும் கென்யாவின் ரிஃப்ட் பள்ளத்தாக்குப் பகுதியிலும் அமெரிக்காவிலும் ஓட்டக்காரர்களை அளந்து, 2010-இல் நேச்சர் இதழில் வெளியிட்ட ஆய்வின் மையக் கருத்து இதுதான்: முன்பாதத்தில் இறங்குபவர்களிடம் அந்தத் தொடக்க அதிர்வு ஏறத்தாழ இல்லாமலே போகிறது. இந்த ஆய்வுக்கான நிதியில் ஒரு பகுதி ஐந்து விரல்களும் தனித்தனியே நுழையும் காலணியைத் தயாரிக்கும் வைப்ரம் நிறுவனத்திடமிருந்து வந்தது. ஆய்வாளர்களே அதை வெளிப்படையாகக் குறிப்பிட்டுள்ளனர். அளவீடுகள் அதனால் பொய்யாகிவிடவில்லை என்றாலும், வாசகர் அறிந்திருக்க வேண்டிய செய்தி இது.

இங்கே பலர் கவனிக்கத் தவறும் ஒன்று உண்டு. தொடக்க அதிர்வு குறைந்தாலும், உடல் எடை முழுவதும் ஒற்றைக் காலின் மீது நிற்கும் நடுக்கட்டத்தில் வரும் பெரிய விசை அப்படியேதான் இருக்கிறது. அதை இப்போது கெண்டைத் தசையும், குதிகாலோடு அதை இணைக்கும் தடித்த தசைநாணும், பாத வளைவும் முன்னைவிட அதிகமாகச் சுமக்கின்றன. சுமப்பதோடு இவை வில்லைப் போல இழுபட்டு, ஆற்றலைச் சேர்த்துத் திருப்பியும் தருகின்றன. 1987-இல் வெளியான ஓர் ஆய்வின் கணக்குப்படி, 70 கிலோ எடையுள்ள ஒருவர் மிதமான வேகத்தில் ஓடும்போது ஒவ்வோர் அடியிலும் உடல் இழந்து மீண்டும் பெறும் ஆற்றலில் சுமார் 35 சதவீதம் குதிகால் தசைநாணிலும், சுமார் 17 சதவீதம் பாத வளைவிலும் சேர்கிறது. பாதத்தை வெறும் தாங்கு பலகையாக மட்டும் எண்ணிக் காலணி செய்தவர்கள் இந்தப் பங்கைப் போதிய அளவு மதிக்கவில்லை என்பது என் கருத்து.

அப்படியானால் குதிகாலில் இறங்கி ஓடுவது தவறா?

தவறு என்று சொல்வதற்கு ஆதாரம் இல்லை. வடக்குக் கென்யாவில் காலணியே இல்லாமல் வாழும் டாசனச் மக்களை ஆராய்ந்து 2013-இல் வெளியான ஓர் ஆய்வில், அவர்களில் பெரும்பாலோர் நிதானமான வேகத்தில் ஓடும்போது குதிகாலையே முதலில் ஊன்றினார்கள். வேகம் கூடக்கூடத்தான் நடுப்பாதத்திலும் முன்பாதத்திலும் இறங்குவது அதிகமாயிற்று. வேகம், தரை, பழக்கம், களைப்பு எல்லாம் சேர்ந்தே கால் எங்கே படும் என்பதைத் தீர்மானிக்கின்றன. எந்தப் பகுதி முதலில் படுகிறது என்பதைவிட, உடலுக்கு எவ்வளவு முன்னால் படுகிறது என்பதே முக்கியம். முழங்கால் விறைப்பாக நீண்டு, பாதம் உடலுக்கு வெகு முன்னால் விழுவதுதான் திருத்த வேண்டிய பழக்கம்.

இதனால் காயங்கள் குறையும் என்கிறார்களே, உண்மையா?

மொத்தக் காயங்கள் குறைகின்றன என்று இதுவரை வந்த ஆய்வுகள் நிறுவவில்லை. குறைவதாக விளம்பரம் செய்ததற்காக வைப்ரம் நிறுவனத்தின் மீது 2012-இல் அமெரிக்காவில் வழக்குத் தொடரப்பட்டது. தவறு எதையும் ஒப்புக்கொள்ளாமலே, 37.5 லட்சம் டாலர் தருவதாக 2014-இல் அந்நிறுவனம் சமரசம் செய்துகொண்டது.

ஆய்வுகளிலிருந்து தெளிவாகத் தெரிவது காயங்களின் இடமாற்றம். முழங்காலின் மீதான சுமை குறைவதால் முழங்கால் முன்பக்க வலி உள்ள சிலருக்கு நிவாரணம் கிடைக்கிறது. அதே நேரத்தில் கெண்டைத் தசைப் பிடிப்பு, குதிகால் தசைநாண் அழற்சி, பாதத்தின் நீள எலும்புகளில் விரிசல் ஆகியவற்றுக்கான வாய்ப்பு கூடுகிறது. 2013-இல் வெளியான ஓர் ஆய்வில், அனுபவமுள்ள 36 ஓட்டக்காரர்களில் 19 பேர் பத்து வாரங்களில் படிப்படியாக விரல் காலணிக்கு மாறினார்கள். எம்ஆர்ஐ எடுத்துப் பார்த்தபோது அவர்களில் பாதிக்கு மேற்பட்டோரின் பாத எலும்புகளில், எலும்பு மிகையாகத் தாக்கப்பட்டதைக் காட்டும் வீக்கம் கூடியிருந்தது. பத்து வாரம் என்பது பலருடைய எலும்புக்குப் போதாது என்பதை இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது. தசை சில வாரங்களில் வலுப்பெறும். தசைநாணுக்கும் எலும்புக்கும் மாதங்கள் வேண்டும். நுரையீரலும் தொடைகளும் பத்துக் கிலோமீட்டருக்குத் தயாராக இருக்கும் நல்ல ஓட்டக்காரர்களே இதில் எளிதில் காயப்படுவதற்குக் காரணம் இந்த வேறுபாடுதான்.

இந்த ஆர்வம் திடீரென எப்படி வந்தது?

தடித்த குதிகால் கொண்ட ஓட்டக் காலணி பரவலானது 1970-களில்தான். அதற்கு முன்பு எல்லாரும் மெல்லிய காலணியிலோ வெறுங்காலிலோ ஓடினார்கள். எத்தியோப்பியாவின் அபெபே பிகிலா 1960 ரோம் ஒலிம்பிக் மராத்தானை வெறுங்காலில் ஓடி, 2 மணி 15 நிமிடம் 16 விநாடிகளில் தங்கம் வென்றார். புதிய காலணி சரியாகப் பொருந்தாததால், பயிற்சியில் பழகியிருந்தபடியே வெறுங்காலில் ஓட முடிவு செய்தார் என்பது பரவலாகச் சொல்லப்படுவது. அவரே 1964 டோக்கியோவில் காலணி அணிந்து 2 மணி 12 நிமிடம் 11 விநாடிகளில் மீண்டும் வென்றார் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

2009-க்குப் பிறகு மெக்சிகோவின் சிவாவா மாநில மலைப் பள்ளத்தாக்குகளில் வாழும் ராராமுரி மக்கள் உலகெங்கும் பேசப்பட்டார்கள். டயர்த் துண்டையும் தோல்வாரையும் கொண்டு தாங்களே செய்துகொள்ளும் செருப்பில் மிக நீண்ட தூரம் ஓடுபவர்கள் அவர்கள். லீபர்மேன் ஆய்வும் அடுத்த ஆண்டே வர, மினிமலிஸ்ட் காலணி விற்பனை சில ஆண்டுகள் உச்சத்தில் இருந்தது. காயங்களும் வழக்கும் வந்தபின் சந்தை தடித்த நுரைக் காலணியின் பக்கம் திரும்பியது. இரண்டு அலைகளிலும் நடந்த பிழை ஒன்றே என்று நினைக்கிறேன்: ஓடும் முறையையும் பொறுமையையும் கடையில் வாங்கிவிடலாம் என்ற நம்பிக்கை.

வெறுங்காலில் வேகம் கூடுமா?

ஒவ்வொரு காலணியிலும் 100 கிராம் எடை கூடினால் ஓடுவதற்கான ஆற்றல் செலவு ஏறத்தாழ 1 சதவீதம் கூடும் என்பது நெடுநாளாக அறியப்பட்டது. அதனால் காலணி இல்லாவிட்டால் செலவு குறைய வேண்டும் என்று தோன்றும். ஆனால் காலணியில் உள்ள நுரை, தாக்கத்தைத் தாங்கும் வேலையைத் தசைகளிடமிருந்து ஓரளவு வாங்கிக்கொள்வதால், எடை மிகக் குறைந்த காலணியோடு ஒப்பிடும்போது வெறுங்காலுக்கு ஆதாயம் இல்லை. இன்று முன்னணி மராத்தான் வீரர்கள் தடித்த நுரையும் உள்ளே கடினமான தகடும் கொண்ட காலணிகளில்தான் சாதனை படைக்கிறார்கள். சாலை ஓட்டத்துக்கான காலணியின் அடி 40 மில்லிமீட்டருக்கு மேல் இருக்கக் கூடாது என்று உலகத் தடகள அமைப்பு 2020-இல் வரம்பு விதிக்க வேண்டியிருந்தது. நேரத்தைக் குறைப்பது மட்டுமே குறிக்கோள் என்றால் வெறுங்கால் ஓட்டம் அதற்கான வழி அல்ல.

சிறு வயதிலிருந்தே வீட்டில் செருப்பில்லாமல் நடப்பவன் நான். எனக்கு இது எளிதாக இருக்குமா?

ஓரளவுக்கு. வீட்டுக்குள் காலணி அணியாத நம் வழக்கத்தால் விரல்கள் நெருக்கப்படாமல் விரிந்திருக்கும். உள்ளங்காலும் தரையை அறிந்திருக்கும். ஆனால் நடையில் ஒரு கால் எப்போதும் தரையில் இருக்கிறது, குதிகால்தான் முதலில் படுகிறது. ஓட்டத்தில் இரண்டு கால்களும் தரையை விட்டு எழும்பி, உடல் எடையின் இரண்டு மடங்குக்கு மேற்பட்ட விசை ஒற்றைக் காலில் வந்து விழுகிறது. பழனிக்கு வெறுங்காலில் பாதயாத்திரை போய் வந்தவரும் ஓட்டத்தைப் பொறுத்தவரை தொடக்கநிலையில் உள்ளவர்தான்.

தோல் தடித்தால் உணர்வு மழுங்கிவிடும் என்று அஞ்ச வேண்டாம். கென்யாவில் காலணி அணிவோரையும் அணியாதோரையும் ஒப்பிட்டு 2019-இல் வெளியான ஆய்வில், உள்ளங்கால் தோலின் தடிமன் கூடியதால் தொடு உணர்வு குறையவில்லை என்று தெரிந்தது.

எப்படித் தொடங்க வேண்டும்?

ஓடுவதற்கு முன் நடக்க வேண்டும். முதல் சில வாரங்கள் நாள்தோறும் அரை மணி நேரம் வெறுங்காலிலோ மெல்லிய காலணியிலோ வெளியே நடப்பதே பாதத்தின் உள்தசைகளை வளர்க்கும். நடை மட்டுமே இந்தத் தசைகளைப் பெரிதாக்குகிறது என்பதை ஆய்விலும் பார்த்திருக்கிறார்கள். இதோடு, படியின் விளிம்பில் முன்பாதத்தை வைத்துக் குதிகாலை மெதுவாகத் தூக்கி இறக்கும் பயிற்சியைச் செய்யுங்கள். ஒற்றைக் காலில் இருபது முறையாவது தடுமாறாமல் செய்ய முடிந்த பிறகு ஓட்டத்துக்குப் போகலாம்.

முதல் வாரத்தில் 400 மீட்டர் முதல் அதிகபட்சம் ஒன்றரை கிலோமீட்டர் வரை, ஒரு நாள் விட்டு ஒரு நாள். அதற்கு மேல் வேண்டாம். பிறகு வாரத்துக்குப் பத்து சதவீதத்துக்கு மேல் கூட்டாதீர்கள். மற்ற ஓட்டங்களை உங்கள் வழக்கமான காலணியிலேயே தொடரலாம், தொடரவும் வேண்டும். இல்லையென்றால் ஓட முடியவில்லையே என்ற தவிப்பில் வெறுங்கால் தூரத்தைக் கூட்டிவிடுவீர்கள். களைப்பில்லாத ஓட்டத்தின் தொடக்கத்திலேயே வெறுங்கால் பகுதியை வைத்துக்கொள்வது நல்லது. கெண்டைக்கால் சோர்ந்த பிறகு அடி எடுத்து வைக்கும் முறை குலைந்துவிடும். முழுமையாக மாறுவதற்கு ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை ஆகும் என்று எதிர்பாருங்கள். நாற்பது வயதைக் கடந்தவர்களும் உடல் எடை அதிகமுள்ளவர்களும் இன்னும் நிதானமாகப் போக வேண்டும்.

ஓடும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

முதலில் ஓசையை. காலடி பலமாகக் கேட்டால் நீங்கள் தரையை அடிக்கிறீர்கள் என்று பொருள். அடியைக் குறுக்கி, விரைவாக எடுத்து வையுங்கள். நிமிடத்துக்கு 180 அடிகள் வேண்டும் என்று பரவலாகச் சொல்லப்படுகிறது. அது ஜாக் டேனியல்ஸ் என்ற பயிற்சியாளர் 1984 ஒலிம்பிக்கில் முன்னணி வீரர்களைப் பார்த்து எண்ணியதிலிருந்து வந்த எண். போட்டி வேகத்தில் ஓடியவர்களுக்கு உரியது. எல்லா உயரத்துக்கும் எல்லா வேகத்துக்கும் அது பொருந்தாது. உங்கள் இயல்பான எண்ணிக்கையைக் கைக்கடிகாரம் பார்த்து எண்ணி, அதிலிருந்து ஐந்து முதல் பத்து சதவீதம் கூட்டினாலே முழங்கால் மீதும் இடுப்பு மீதும் விழும் சுமை குறையும் என்று 2011-இல் வெளியான ஆய்வு காட்டியது. 160 இருந்தால் 170 போதும். காலணியைக் கழற்றாமலே இந்தப் பயனைப் பெறலாம் என்பதால், வெறுங்கால் ஓட்டத்தில் ஆர்வமில்லாதவர்களுக்கும் இதைப் பரிந்துரைக்கிறேன்.

உடல் நிமிர்ந்திருக்கட்டும், சாய்வு இருந்தால் இடுப்பில் மடியாமல் கணுக்காலிலிருந்து சற்றே முன்னோக்கி இருக்கட்டும். முழங்கால் இலேசாக மடிந்த நிலையில் பாதம் உடலுக்குக் கீழே இறங்க வேண்டும். சுண்டுவிரலின் அடிப்பகுதி தொட்டு, பாதம் உட்பக்கமாகச் சாய்ந்து, குதிகாலும் மெல்லத் தரையைத் தொட வேண்டும். இந்தக் கடைசிப் பகுதியைப் பலர் விட்டுவிடுகிறார்கள். குதிகால் தரையில் படவே கூடாது என்று எண்ணி நுனிக்காலிலேயே ஓடுபவர்களின் கெண்டைத் தசைக்கு ஓய்வே கிடைப்பதில்லை. சில நாட்களில் படி இறங்கக்கூட முடியாமல் போகும். விரல்களைச் சுருட்டித் தரையைப் பற்றவும் வேண்டாம். தரையைப் பின்னோக்கி உதைத்துத் தள்ளாமல் பாதத்தை மேலே தூக்குவதாக எண்ணிக்கொண்டால் உள்ளங்காலில் உராய்வு குறையும், கொப்புளமும் வராது. ஒரே இடத்தில் தொடர்ந்து கொப்புளம் வந்தால் அங்கே பாதம் இழுபடுகிறது என்று அறிந்து முறையைத் திருத்துங்கள்.

எந்த வலி சாதாரணம், எந்த வலியில் நிறுத்த வேண்டும்?

இரண்டு கெண்டைக்கால்களிலும் பரவலாக இருந்து, ஓரிரு நாளில் தணியும் தசை வலி எதிர்பார்க்கக்கூடியது. ஒரு விரலால் தொட்டுக் காட்டக்கூடிய வலி அப்படி அல்ல. பாதத்தின் மேற்பக்கத்தில் நீள எலும்பின் மீது ஒரு புள்ளியில் அழுத்தினால் வலிப்பது, ஓடஓடக் கூடுவது, நடக்கும்போதும் தொடர்வது, அங்கே வீக்கம் தெரிவது ஆகியவை எலும்பு விரிசலுக்கான அறிகுறிகள். அன்றே நிறுத்திவிட்டு எலும்பு மருத்துவரைப் பாருங்கள். தொடக்கத்தில் எக்ஸ்ரேயில் விரிசல் தெரியாமல் போகலாம் என்பதால், எக்ஸ்ரே சரியாக இருக்கிறது என்று மீண்டும் ஓடத் தொடங்க வேண்டாம். காலையில் எழுந்து வைக்கும் முதல் அடிகளில் குதிகாலுக்குப் பின்னாலோ அடியிலோ விறைப்பும் வலியும் இருந்தால், தசைநாணோ உள்ளங்கால் சவ்வோ மிகையாக இழுபடுகிறது, தூரத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

எந்தத் தரையில் ஓடலாம்?

மென்மையான தரைதான் பாதுகாப்பு என்று பெரும்பாலோர் புல்லையும் மணலையும் தேடுகிறார்கள். முறையைக் கற்பதற்கு வழவழப்பான, சுத்தமான, கடினமான தரையே நல்லது. தவறாக இறங்கினால் அது உடனே சொல்லிவிடும். புல்லில் கண்ணாடித் துண்டும் நெருஞ்சி முள்ளும் மறைந்திருக்கும். கடற்கரையின் உலர்ந்த மணலில் குதிகால் புதைவதால் தசைநாண் கூடுதலாக இழுபடும். அலை நனைத்த ஈர மணல் உறுதியானது, ஆனால் கடலை நோக்கிச் சரிந்திருப்பதால் ஒரே திசையில் நெடுந்தூரம் ஓடினால் ஒரு பக்கம் மட்டும் சுமை கூடும்.

தார்ச்சாலையில் கோடை வெயிலில் வெறுங்காலில் ஓடவே கூடாது. உள்ளங்கால் வெந்து கொப்புளம் வரும். தடகள மைதானத்தின் செயற்கைத் தளமும் நண்பகலில் அதே அளவு சுடும். விடியற்காலையில் பார்வை தெரியும் வெளிச்சம் வந்தபின் ஓடுவதே சரி. சீமைக் கருவேலம் மண்டிய ஓரங்களிலும், மனிதக் கழிவோ நாயின் கழிவோ கலந்த ஈர மண்ணிலும் காலணியில்லாமல் போகாதீர்கள். கொக்கிப்புழுவின் இளம்புழுக்கள் உள்ளங்கால் தோலைத் துளைத்தே உடலுக்குள் நுழைகின்றன. டெட்டனஸ் தடுப்பூசி காலாவதியாகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

காலணி வாங்கும்போது எதைப் பார்க்க வேண்டும்?

கையில் எடுத்துச் சுருட்டிப் பாருங்கள். முழுவதும் சுருள வேண்டும். துணியைப் பிழிவது போல முறுக்கிப் பாருங்கள். எதிர்ப்பின்றி முறுக வேண்டும். ஒரு தாளில் எழுந்து நின்று உங்கள் பாதத்தின் வெளிக்கோட்டை வரைந்து, காலணியை அதன் மீது வையுங்கள். விரல்களின் கோடு காலணிக்கு வெளியே தெரிந்தால், அளவு எண் எதுவாக இருந்தாலும் அது உங்களுக்கானது அல்ல. பாதம் சற்று வீங்கியிருக்கும் மாலை நேரத்தில் போட்டுப் பார்த்து, நீளமான விரலுக்கு முன்னால் ஒரு விரற்கடை இடம் விட்டு வாங்குங்கள்.

விலை உயர்ந்ததுதான் வேண்டும் என்பதில்லை. பள்ளிக்கு அணியும் வகையைச் சேர்ந்த கான்வாஸ் ஷூவில் மெல்லியதாகவும் வளைவதாகவும் அடி உள்ளவை உண்டு. முன்பகுதி குறுகலாக இல்லாவிட்டால் தொடக்கப் பயிற்சிக்கு அது போதும். ஹவாய் செருப்பு உதவாது. அது கழன்றுவிடாமல் இருக்க விரல்கள் ஒவ்வோர் அடியிலும் இறுக்கிப் பிடிக்க வேண்டியிருப்பதால் பாதத்தின் இயல்பான அசைவே மாறிவிடுகிறது.

இன்னொன்று: மெல்லிய காலணியை நேரடியாக வாங்கி மாட்டிக்கொள்வதைவிட, சிறிது தூரம் உண்மையிலேயே வெறுங்காலில் ஓடிக் கற்றுக்கொண்டு அதன் பிறகு வாங்குவது பாதுகாப்பானது. மூன்று மில்லிமீட்டர் ரப்பர் இருந்தாலும் தோலின் எச்சரிக்கை மங்கிவிடும். ஆனால் எலும்புக்கு அதனால் எந்தப் பாதுகாப்பும் இல்லை.

குழந்தைகள் வெறுங்காலில் ஓடலாமா?

பாதுகாப்பான தரையில் தாராளமாக ஓடலாம். மங்களூரின் மருத்துவர்கள் ராவ், ஜோசப் இருவரும் 4 முதல் 13 வயது வரையிலான 2,300 குழந்தைகளைப் பரிசோதித்து 1992-இல் வெளியிட்ட ஆய்வில், காலணி அணிந்து வளர்ந்தவர்களில் 8.6 சதவீதத்தினருக்கும், அணியாதவர்களில் 2.8 சதவீதத்தினருக்கும் தட்டைப்பாதம் இருந்தது. விரல்களை மூடி இறுக்கும் காலணி அணிந்தவர்களிடமே அது அதிகம் காணப்பட்டது. இது ஓர் ஒப்பீடு மட்டுமே, காலணிதான் காரணம் என்பதற்கான முழு நிரூபணம் அல்ல. இருந்தாலும், ஆறு வயதுக் குழந்தைக்குக் கடினமான ஷூவை நாள் முழுவதும் மாட்டிவைப்பதற்கு முன் பெற்றோர் யோசிக்க வேண்டிய செய்தி இது.

யாரெல்லாம் இதைத் தவிர்க்க வேண்டும்?

உள்ளங்காலில் உணர்ச்சி குறைந்தவர்கள் யாரும் வெறுங்காலில் ஓடவோ நடக்கவோ கூடாது. வெறுங்கால் ஓட்டத்தின் பாதுகாப்பு முழுவதும் உள்ளங்கால் தரும் எச்சரிக்கையில்தான் இருக்கிறது. அது இல்லாதவருக்கு ஒரு சிறு கல்லும் ஆறாத புண்ணாகிவிடும். வேலூரிலும் கரிகிரியிலும் தொழுநோயாளிகளின் கால்களைக் காப்பதற்காகப் பால் பிராண்டும் அவருடைய சக மருத்துவர்களும் நுண்துளை ரப்பர் செருப்பை உருவாக்கியது இந்தக் காரணத்தால்தான். எம்.சி.ஆர். செருப்பு என்று இன்று நீரிழிவு நோயாளிகளுக்கும் எழுதித்தரப்படுவது அதுவே. நீரிழிவு உள்ளவர்கள் கால் நரம்புப் பரிசோதனை செய்துகொள்ளாமல் இந்தப் பயிற்சியில் இறங்க வேண்டாம். கால்களில் இரத்த ஓட்டம் குறைந்தவர்கள், எலும்பு அடர்த்தி குறைந்தவர்கள், அண்மையில் எலும்பு விரிசல் ஏற்பட்டவர்கள், பெருவிரல் மூட்டு மடங்காதவர்கள் ஆகியோருக்கும் இது ஏற்றதல்ல. இப்போதுள்ள காலணியில் வலியின்றி மகிழ்ச்சியாக ஓடுபவர்கள் மாற வேண்டிய கட்டாயமும் இல்லை.

போட்டிகளில் வெறுங்காலில் ஓட அனுமதி உண்டா?

உண்டு. உலகத் தடகள அமைப்பின் விதிப்படி ஒருவர் வெறுங்காலிலோ, ஒரு காலில் மட்டுமோ, இரண்டு கால்களிலுமோ காலணி அணிந்து போட்டியிடலாம். வெறுங்காலில் ஓடி வளர்ந்த சோலா பட் 1985-இல் லண்டனில் 5,000 மீட்டரை 14 நிமிடம் 48.07 விநாடிகளில் ஓடி உலக சாதனை படைத்தார். உள்ளூர்ச் சாலை ஓட்டங்களில் பாதை முழுவதையும் முன்கூட்டியே நடந்தோ வண்டியிலோ பார்த்துவிடுங்கள். சரளைக் கற்கள் பரப்பிய சாலைப் பணிப் பகுதியோ, வெயில் ஏறிய பின் முடிக்க வேண்டிய தூரமோ இருந்தால் மெல்லிய காலணி ஒன்றை இடுப்புப் பையில் வைத்துக்கொண்டு ஓடலாம். பயிற்சியில் வெறுங்காலில் முடித்திராத தூரத்தைப் போட்டி நாளில் முதன்முதலாக முயல வேண்டாம்.